இன்ஜினைப் புதுப்பித்தவர்

டீக்கு நன்றி. சர்க்கரை அரை ஸ்பூன் கூடுதல். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஸ்டேஷனில் எல்லோருக்கும் ஒரே கையளவில்தான் போடுவார்கள். நீங்கள் எழுதத் தயார் என்றால் நானும் தயார். நிதானமாகவே சொல்கிறேன். அவசரப்பட்டு நான் எதையும் செய்தவன் இல்லை.

இன்ஜின் பிரித்து மாட்டுவது என் தொழில். முப்பத்தொரு வருஷம். எந்த அளவையும் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் இல்லாமல் நான் சொல்வதில்லை என்பதால் தெருவில் எனக்குப் ‘புள்ளி’ என்று பெயர். என் மனைவியின் தம்பிக்கு, அதாவது இறந்துபோனவனுக்கு, ‘போதும்’ என்று பெயர். போல்ட்டை எந்த அளவுக்கு முறுக்கினாய் என்று கேட்டால், “இது போதும் மாமா” என்பான். இரண்டு பெயர்களையும் வைத்தவர் பக்கத்துக் கடைசல் பட்டறைக்காரர். நல்ல மனிதர். அவரை இதில் இழுக்க வேண்டாம்.

லாரி என் மாமனாருடையது. மூக்கு நீண்ட பழைய வண்டி, ஆறு சிலிண்டர். அவர் போன பிறகு பதினெட்டு வருஷம் கொட்டகையில் நின்றது. ஏர் ஃபில்டருக்குள் எலி குடும்பம் நடத்தியது. உயிலில் அதை அவர் மகனுக்கு எழுதியிருந்தார். மகளைக் கட்டியவன் மெக்கானிக் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவர் பொருள், அவர் இஷ்டம். எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் மச்சினன் வந்தான். “மாமா, பழைய வண்டிக் கண்காட்சி ஒண்ணு வருது. அப்பா வண்டிய ஓட வெச்சுக் கொண்டுபோய் நிறுத்தணும். நாம ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சுடலாம்” என்றான். ‘நாம ரெண்டு பேரும்’ என்பதற்கு அவன் அகராதியில் என்ன பொருள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நான் பிஸ்டன்களைச் சுரண்டுவேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, என் மாமனார் இந்த வண்டியில் எத்தனை மேடு ஏறினார் என்று சொல்லிக்கொண்டிருப்பான். கதை சொல்வதில் அவன் சோடை போனவனல்ல. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பதினான்கு மாதம் அந்த இன்ஜினோடு வாழ்ந்தேன். ஒவ்வொரு பாகத்தையும் கழுவி, சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தூவினேன். விரிசல் இருந்தால் அந்தச் சாயம் மயிரிழையாகக் கசிந்து காட்டிக்கொடுக்கும். தேறியது நல்ல தட்டுக்குப் போகும். தேறாதது சிவப்புப் பெயின்ட் பூசிக் கழிவுப் பெட்டிக்குப் போகும். என் பட்டறையில் சட்டம் அவ்வளவுதான். மனிதர்களுக்கும் இப்படி ஒரு சாயம் இருந்தால் உங்கள் வேலை எவ்வளவு சுலபமாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவன் செய்ததையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ முன்கோபி என்று நினைப்பீர்கள். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டுக்குக் கிராங்க் என்று பெயர். அதைத் தாங்கும் பேரிங் மூடிகளில் எண் அடித்திருக்கும். எது எங்கிருந்து வந்ததோ அங்கேயேதான் போக வேண்டும். நான் வெளியே போயிருந்தபோது இரண்டையும் மூன்றையும் மாற்றி மாட்டினான். “உக்காந்துடுச்சு மாமா, அது போதாதா?” என்றான். நான் இரண்டையும் கழற்றி மாட்டினேன். அடுத்து, கடைந்து பளபளவென்று வந்திருந்த கிராங்கை, இன்னும் கொஞ்சம் மின்னட்டும் என்று உப்புத்தாள் வைத்துக் கையால் தேய்த்தான். கையால், சார். இரண்டு இடம் கோழிமுட்டை வடிவத்துக்குப் போய்விட்டது. மறுபடி கடைசலுக்கு அனுப்பினேன். கடைந்து கொடுத்த கடைசல்காரர், இனி ஒரு முறை கடைய அதில் சதையில்லை என்று சொல்லிவிட்டார்.

அன்று சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் சொன்னேன். “விடுங்க, ஆசையில பண்ணிட்டான். இரும்புதானே?” என்றாள். நான் எழுந்து கை கழுவினேன். வீட்டில் குரல் உயர்த்துகிற பழக்கம் எனக்கு இல்லை.

பிறகு அந்தப் படிவம். கண்காட்சிக்காரர்கள் அனுப்பியிருந்தார்கள். வண்டிக்கு முன்னால் ஒரு பலகை வைப்பார்களாம், அதற்கான விவரம். ‘உரிமையாளர்’ என்ற இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தான். சரி. ‘இன்ஜினைப் புதுப்பித்தவர்’ என்ற இடத்திலும் தன் பெயரையே எழுதியிருந்தான். கேட்டதற்கு, “குடும்பத்துல யார் பேரு இருந்தா என்ன மாமா? அப்பா பேரு விளங்கணும், அவ்வளவுதானே” என்றான். நியாயமான பேச்சுதான். படிவத்தை நானே தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் கிடையாது. படிவம் செவ்வாய்க்கிழமை. சம்பவம் வியாழக்கிழமை.

வியாழன் காலை பதினொன்றே காலுக்கு வந்தான். இன்ஜின் பிளாக்கைத் தூக்க வேண்டியிருந்தது. வெறும் வார்ப்பிரும்புக் கூடுதான். ஆனாலும் இருநூற்றுப் பத்து கிலோ. மேலே இரண்டு வளைய போல்ட் திருகி, சங்கிலி மாட்டித் தூக்குவோம். நல்ல தட்டிலிருந்து இரண்டு போல்ட்டை எடுத்து அவனே திருகினான். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மார்பு உயரத்துக்குத் தூக்கினோம். “அடிப்பக்கம் பழைய கேஸ்கெட் ஒட்டியிருக்கு, சுரண்டிடு” என்றேன். ஸ்டாண்டில் வைத்தும் செய்யலாம். ஸ்டாண்ட் காலியாகத்தான் இருந்தது. அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அடியில் உட்கார்ந்தான்.

நான் மேசைக்குப் போய் கிராங்கை அளக்கத் தொடங்கினேன். பத்து இடம், இடத்துக்கு நான்கு அளவு, ஆக நாற்பது. பதினோராவது அளவில் சத்தம் கேட்டது.

இந்த இடத்தில் எல்லோரும் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இரும்பு சூடுபட்டால் விரியும். காலையிலிருந்து கதவைச் சாத்தி, பட்டறையை ஒரே சூட்டில் வைத்திருந்தேன். போன் இருந்தது முன்னறையில். கதவைத் திறந்தால் வெயில் உள்ளே வரும். பத்து அளவுகளும் வீண். அவன் மூன்று முறை “மாமா” என்று கூப்பிட்டான். ஒவ்வொரு முறையும் “இரு, வர்றேன்” என்று பதில் சொன்னேன். பதில் சொல்லாமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. மிச்சம் முப்பது அளவையும் முடித்து, குறிப்பேட்டில் ஏற்றி, கிராங்குக்கு எண்ணெய் தடவிப் போர்த்திவிட்டுப் போன் செய்தேன். இருபத்திரண்டு நிமிஷம். நீங்கள் ‘அரை மணி’ என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்திவிடுங்கள்.

பிளாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. நேராகச் சிமெண்ட் தரையில் விழுந்திருந்தால் கண்டிப்பாக விரிசல் விட்டிருக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “ஒரு பத்து நிமிஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா” என்றார். ‘ஒரு பத்து’ என்பது அளவே அல்ல. படித்தவர், சொல்லியிருக்கக் கூடாது. என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அவன் கூப்பிட்டானா?” என்று கேட்டாள். “மூணு தடவை” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. துக்கம் ஆறினால் சரியாகிவிடுவாள்.

நீங்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கும் போல்ட்டைப் பற்றி இரண்டு நாளாகக் கேட்கிறீர்கள். மரையின் இடுக்கில் சிவப்புப் பெயின்ட் இருக்கிறது என்கிறீர்கள். காட்டுங்கள். ஆமாம், இருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. தின்னரில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, பிறகு துணியால் துடைத்தேன். அந்த ஒரு இடம் எப்படி விட்டுப்போனது என்று தெரியவில்லை. என் வேலையில் இப்படி நடந்ததே கிடையாது.

சரி, ஒளிப்பானேன்? அந்த போல்ட்டில் கழுத்தைச் சுற்றி முக்கால்வாசி விரிசல். மார்ச் மாதமே சாயத்தில் தெரிந்துவிட்டது. கழித்துப்போட்டது நான். புதன்கிழமை அதைக் கழிவுப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து நல்ல தட்டில் முதலில் வைத்ததும் நான். அங்கிருந்த நல்ல போல்ட்டுகளை எடுத்து இழுப்பறைக்குள் பூட்டி, ஒன்றை மட்டும் விட்டதும் நான். தட்டில் இரண்டே இரண்டு. அதைத்தான் எடுப்பான், எடுத்ததும் அடியில் உட்காருவான், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அவனுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. நகத்தை வைத்து ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் விரிசல் இடறியிருக்கும். இன்ஜினைப் புதுப்பித்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவன் அந்தச் சோதனையில் தேற வேண்டாமா? அவன் தேறவில்லை. நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ள விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. கழித்தேன் என்பது பொருத்தமான சொல்.

கோபமோ பொறாமையோ இதில் கிடையாது. பெயருக்கு ஆசைப்படுகிறவன் நான் இல்லை. என்னைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கொடுங்கள், வாசித்துப் பார்க்கிறேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ‘இந்த இன்ஜினின் பாகங்கள் அனைத்தையும் பிரித்து, சோதித்து, புதுப்பித்தது நான் ஒருவனே’ என்ற வரியின் கீழ் இடம் விட்டிருக்கிறீர்கள், அங்கேயும் ஒரு கையெழுத்துப் போடுகிறேன். முழுப் பெயராகவே போடுகிறேன்.

இதில் ஒரு நகல் கிடைக்குமா சார்? கண்காட்சிக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும். பலகை எழுத இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.