குளித்துவிட்டுப் போன புளி ஓடு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் அரூரிலிருந்து தருமபுரி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் கல்லூரியில் படிக்கும் மகளும் இருந்தார்கள். தாயின் மடியில் ஒரு சாக்குப் பை.

“நல்லா கழுவி, மஞ்சத் தண்ணி தெளிச்சி வெச்சிருக்கேன் கண்ணு,” என்றார் தாய்.

“எத? புளி ஓட்டையா?”

“பெரிய லேப்புக்குப் போவுது. மண்ணோட அனுப்புனா நம்ம வூட்டப் பத்தி என்னா நெனைப்பாங்க?”

“ஐயோ அம்மா! இது காலேஜும் சென்ட்ரல் கவர்மென்ட் லேப்பும் சேந்து நடத்துற ட்ரெயினிங். இந்த ஓட்டக் கரியாக்கி பேட்டரி செய்யப் பாக்கறாங்க. களத்துல கெடந்தபடியே கொண்டாரச் சொன்னாங்க. இதப் பாத்துத்தான் என்னை எடுப்பாங்க. போச்சு!” மகள் அழத் தொடங்கினாள்.

“பொண்ணு பாக்க வந்தவங்க வேணாம்னு போனப்பகூட நீ இப்டி அழுவல.”

“அவங்க போனா வேற ஆளு வருவாங்க. லேப்பு வருமா?”

தாய் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“பாதிதான் கழுவுனேன். கொழாயில தண்ணி நின்னுபோச்சு. மிச்சம் அழுக்காவே அடியில தனிப் பையில கெடக்கு. வெக்கமா இருந்துச்சி, சொல்லல.”

மகள் அவசரமாகப் பையைப் பிரித்து, மண் ஒட்டிய ஓட்டை ஒரு கை அள்ளிப் பார்த்தாள்.

“இதாம்மா வேணும்!”

“அப்ப கழுவுனது?”

“அதையும் குடுக்கறேன். நம்ம வூடு சுத்தமான வூடுன்னு தெரியட்டும்.”

எழுத இத்தனை நாள் கூச்சம். எழுதிய நாள் ஆடி பதினெட்டு.