ஒரு சிட்டிகை சோடா உப்பு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“எங்க அண்ணனுக்கு ரத்தம் புளிச்சுப்போச்சுன்னீங்களே, அதென்ன மதினி?”

“கிருமி ரத்தத்துல பரவி, கிட்னியும் ஓஞ்சுபோச்சு. அதுல அமிலம் கூடிருச்சாம். மருந்துக்குக் குறையலன்னு, இன்னைக்கு ஐசியூவுல சோடா உப்பு ஏத்துதாக.”

“சோடா உப்பா? நம்ம இட்லிக் கடைக்குள்ளயே அண்ணன் அத விடமாட்டாகளே!”

“ஆமா. ஒருநா மாவு புளிச்சிருச்சேன்னு ஒரு சிட்டிகை போட்டுட்டேன். ஒரு வாய் வச்சதுமே கண்டுபிடிச்சு, மாவு அம்புட்டையும் கொட்டிட்டாக. சாப்பிட வந்தவுக முன்னாடி என்ன ஏச்சு!”

இருவரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் மதினி கூடையோடு எழுந்தார்.

“டாக்டர் கேட்டப்ப நாந்தான் ஏத்துங்கன்னேன். கண்ணு முழிச்சு ஏசட்டும்.”