ஜெனீரா பக்கத்துக் கம்பிகள்

சாரி உடுத்த பொம்பள ஏறி இறங்கத் தோதான வண்டி இல்ல அது. முதல்ல அத எழுதிக்குங்க சார்ஜண்ட் ஐயா, மத்ததெல்லாம் அதுல இருந்துதான் வருது.

என் பேர் ஸரூக். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால வெல்டிங் கடை வச்சிருக்கேன். பதினேழு வருஷமா ஒட்டுறேன். நான் ஒட்டினது விட்டுப்போச்சுன்னு ஒருத்தரும் கடை வாசல்ல வந்து நின்னதில்ல. வண்டி, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்துத் துரையோடது. அவர் சீமைக்குக் கப்பலேறினப்ப எனக்கு வித்துட்டுப் போனாரு. ரெண்டே சீட்டு, தகரக் கூரை போட்ட பழைய எம்.ஜி. காரு. கூடவே ஒரு படப் புத்தகமும் குடுத்தாரு. ரேஸ் வண்டி கவுந்தா ஆள் நசுங்காம இருக்க, உள்ளுக்குள்ள குழாயால கூண்டு கட்டுவாங்க இல்லையா, அந்தப் படம் அதுல இருந்துச்சு. கதவுப் பக்கமும் குறுக்குக் கம்பி.

எழுபத்து மூணுல, இறக்குமதியையே நிப்பாட்டி வச்சிருந்த காலத்துல, வெளிநாட்டுல இருந்து ஒரு ஆணி வராது, உங்களுக்கே தெரியும். தேயிலை ஃபெக்டரியில கழிச்சுப் போட்ட பொயிலர் குழாய் எடுத்து, மணல் நிரப்பி, சூடு காட்டி வளைச்சேன். மூணு மாசம் புடிச்சுது. சீட்டு ரெண்டுக்கும் நடுவுலயும் ஆள் நுழைய இடமில்லாம ஒரு குறுக்குக் குழாய் குடுத்தேன். என் பக்கத்துக் கதவுக்கு ஒரே கம்பி, முழங்கால் உயரம். கால்சட்டை போட்ட ஆம்பள லேசாத் தாண்டிடலாம். என் பொஞ்சாதி ஜெனீரா பக்கத்துக்கு மூணு, கண்ணாடியோட மேல் விளிம்பு வரைக்கும்.

சாரியோட அவளால அதத் தாண்ட ஏலாது. அதனால அந்த மூணையும் ஒரே சட்டமாச் செஞ்சு, ஒட்டாம, வெளிப்பக்கமா ரெண்டு போல்ட்டுல மாட்டினேன். கழட்டி, அவள உக்கார வச்சு, திரும்ப மாட்டி, நட்டு ரெண்டையும் இறுக்குவேன். அரை இஞ்சி ஸ்பேனர். அது எப்பவும் என் சட்டைப் பையில இருக்கும்.

எந்த ரேஸுக்குப் போனன்னு கேக்குறீங்க. ஊருக்கெல்லாம் ரேஸுக்குன்னுதான் சொன்னேன். ஒண்ணுக்கும் போகல. பண்டாரவளைக்குப் போவோம். அங்கதான் அவ உம்மா வீடு.

கலியாணம் முடிஞ்ச வருஷத்துல ஜெனீரா மூணு தரம் என்னைய விட்டுட்டு அங்க போயிட்டா. மூணாவது தரம், ஹாலிஎலையில நான் பெட்ரோல் அடிக்க இறங்கினேன். திரும்பிப் பார்த்தா சீட்டு காலி, ஆள் பஸ்ஸுல ஏறிட்டா. பள்ளிவாசல் பெரியவங்க பேசிச் சேர்த்து வச்சாங்க. ஏன் போனான்னு ஒருத்தரும் என்கிட்ட கேக்கல, நானும் அவகிட்ட கேக்கல. கேட்டா எதையாவது சொல்லிடுவா. நாலு பேர் முன்னால எனக்கும் மானம்னு ஒண்ணு இருக்குல்ல. அதுக்கு அடுத்த கிழமைதான் குழாய் தேடிப் போனேன்.

அவள உம்மாகிட்டக் காட்டாம வச்சிருந்தேன்னு யாராவது சொல்லியிருந்தா அது பச்சப் பொய். வெள்ளிக்கெழம தவறாம, ஜும்மா முடிஞ்சு கூட்டிட்டுப் போவேன். வாசல்ல வண்டிய நிப்பாட்டுவேன். அவ உம்மா, உம்மு குல்தூம் மாமி, தேத்தண்ணி கொண்டாந்து கம்பிக்கு இடையால நீட்டுவா. கோப்பை போற அளவுக்கு இடைவெளி அளந்துதான் விட்டிருந்தேன். நான் ஒண்ணும் கல்மனசுக்காரன் இல்ல.

"ரெண்டு நிமிஷம் எறக்கி விடுங்க மகன்"னு மாமி கெஞ்சுவா. "நட்டுக் கழட்ட நேரமாகும் மாமி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவேன். ஜெனீரா கம்பி வழியாக் கைய விட்டு உம்மாட முகத்தத் தடவிக்கிட்டு இருப்பா. இருபது நிமிஷம் விடுவேன். ஒரு வருஷம் இப்படித்தான் ஒழுங்கா நடந்துச்சு.

போன வெள்ளிக்கெழம திரும்பி வரும்போது தெமோதரை வளைவுல மழை. ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு. பிரேக் அடிச்சேன், வண்டி வழுக்கித் தேயிலைக்குள்ள எறங்கித் தலகீழாக் கவுந்துச்சு. கூரையில ஒரு நெளிவு இல்ல. அவ மேல ஒரு கீறல் இல்ல. படப் புத்தகத்துல இருந்தது நெசந்தான்.

நான் என் பக்கத்தால வெளிய வந்து, அவ பக்கத்துக் கதவ இழுத்தேன். கூண்டு நசுங்கலையே, கதவு சும்மா திறந்துச்சு. பெட்ரோல் ஒழுகிக்கிட்டிருந்துச்சு. முன்பக்கம் புகை. ஜெனீரா கத்தல. ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சுக்கிட்டு, "ஸ்பேனர எடுங்க"ன்னு மட்டும் சொன்னா.

எடுத்தேன். முதல் நட்டுல வச்சேன். வச்சுக்கிட்டே கேட்டேன்.

"கழட்டினா எங்க போவ?"

"உம்மாட வீட்டுக்கு."

இன்னொரு தரம் கேட்டேன். யோசிக்க நேரம் குடுக்கணுமில்லையா.

"உம்மாட வீட்டுக்குத்தான் போவேன். கழட்டுங்க."

அப்பதான் மேல் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த வேலாயி ஓடி வந்தா. நட்டப் பார்த்துட்டு, "ஐயோ, ஸ்பேனர் எங்கங்க"ன்னு கேட்டா. கவுந்ததுல எங்கேயோ விழுந்துடுச்சுன்னு சொன்னேன். அவ இடுப்புல கட்டின சாக்குப் படங்கை அவுத்துக் கையில சுத்திக்கிட்டு, கம்பியப் புடிச்சு இழுத்தா. பாவம், பொயிலர் குழாய் அசையுமா. தீ புடிச்ச பிறகும் விடல. அவ உள்ளங்கை வெந்தது அதுலதான். எதுக்கு அவளுக்கு அந்த வீண் வேலை.

நேத்து குடுத்த வாக்குமூலத்துல, நட்டு இறுகிப்போச்சுன்னு சொல்லியிருந்தேன். அத வெட்டிடுங்க. வாரா வாரம் கிரீஸ் பூசுறவன் நான். நாலு சுத்துல வந்துடும். ஸ்பேனர் என் கையிலதான் இருந்துச்சு. வேலாயி வர்ற சத்தம் கேட்டதும் சட்டைப் பைக்குள்ள போட்டேன். இந்தா உங்க மேசையில இருக்கே, அதேதான்.

கையெழுத்து எங்க போடணும்னு காட்டுங்க. வண்டியப் பார்த்தீங்கதானே? அவ்வளவு எரிஞ்சும் ஒரு ஒட்டுக்கூட விடல.

நம்ம வீட்டுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த நிமிஷமே கழட்டியிருப்பேன். பொய்யாவாவது சொல்லியிருக்கலாம். ஆனா ஜெனீரா என்கிட்ட ஒரு நாளும் பொய் சொன்னதில்ல. அவ்வளவு பாசம் அவளுக்கு என் மேல.