வலது கையில் தீர்த்தம்

காபியில் சர்க்கரை குறைவாக இருந்தால் சொல்லுங்கள் சார். முன்பெல்லாம் என் மனைவி ரங்கநாயகிதான் போடுவாள். எனக்கு அளவு இன்னும் கைவரவில்லை.

நீங்கள் கேட்ட கறுப்புக் கல் அதுதான். சாளக்கிராமம். அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. தினமும் காலையில் அதை நீராட்டி, அந்தத் தண்ணீரைத் துளசியோடு தீர்த்தமாகக் குடிப்போம். ஒருநாள்கூடத் தவறக் கூடாது. அதனால் நாங்கள் சேர்ந்து வெளியூரில் தங்கியதே இல்லை.

மகள் தேஜா நிலவியல் படித்தவள். அது அம்மோனைட் என்றாள்; கடலில் வாழ்ந்து, இனமே அற்றுப்போன உயிரின் ஓடு. வளர வளரப் புது அறை கட்டி, பழையதை அடைத்துவிட்டு, கடைசி அறையில் மட்டும் குடியிருக்குமாம்.

“பெருமாள்னு நெனச்சு நத்தைக்கா இத்தன நாளா சோறு படைச்சீங்க?” என்று சிரித்தாள்.

“நத்தைக்குப் பசிக்காதா அம்மணி?” என்றாள் ரங்கநாயகி.

அன்றோடு எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவளிடம் சொல்லவில்லை.

தேஜா கல்யாணமாகிப் போன பிறகு, ரங்கநாயகிக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. மற்ற அறைகளைப் பூட்டிவிட்டு ஒரே அறைக்கு வந்தோம். குளிப்பாட்டினேன், ஊட்டினேன். குறையாகச் சொல்லவில்லை. இடது கையில் தீர்த்தம் வாங்க மாட்டாள் என்பதால் கரண்டியால் வாயில் விடுவேன்.

“ஏனுங்க, நான் போறப்ப நீங்களும் வந்துருங்க. தனியா என்ன பண்ணுவீங்க?” என்பாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை தூக்க மாத்திரைகளைத் தீர்த்தத்தில் கரைத்தேன். இருவருக்கும் சேர்த்துத்தான். மாத்திரை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தீர்த்தத்தை அவள் மறுத்ததில்லை.

கரண்டியோடு குனிந்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். போர்வைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. நடுங்கியது. ஆனாலும் உள்ளங்கை மெல்லக் குழிந்தது.

“பாருங்க, கை வந்துருச்சு. தேஜாகிட்டச் சொல்லோணும்.”

ஊற்றினேன்.

“கசக்குதுங்க.”

“துளசி முத்திப்போச்சு.”

ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டாள். அதற்கே அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. “நீங்க?” என்றாள்.

“குடிச்சுட்டேன்.”

குடிக்கவில்லை சார். என் பங்கை வாஷ்பேசினில் ஊற்றினேன். பயத்தால் அல்ல. நானும் போய்விட்டால், மறுநாள் காலை கல்லை யார் நீராட்டுவது? அதற்காக மட்டும்தான் இருந்துவிட்டேன்.

கேஸுக்கு வேண்டுமென்றால் நீங்கள் அதை ஸ்டேஷனுக்கு எடுத்துப் போகலாம். காகிதத்தில் சுற்றினால் போதும், ஈரம் இருக்காது. அன்றைக்குப் பிறகு நான் அதன்மேல் தண்ணீர் விடவில்லை.