தோற்பதற்கு ஏற்ற ஸ்டிக்

மாப்பிள்ளை: ஜெயிக்கிற பில்லியர்ட்ஸ் ஸ்டிக் வேண்டாம்ங்கிறேன். தோக்கிற ஸ்டிக்கா ஒண்ணு கொடுங்கண்ணே.

கடைக்காரர்: ஸ்டிக்கா தம்பி தோக்கும்? ஆளுதான்...

மாப்பிள்ளை: இந்த ஆளுக்குத் தோக்கவே வராது, அதான் பிரச்சினை! தொட்டா போதும், பந்து தானா போய்க் குழியில விழும்.

கடைக்காரர்: அப்படியா... கொஞ்சம் தள்ளிப் பிடிங்க, கண்ணாடியில இடிக்குது. யாரோட ஆட்டம்?

மாப்பிள்ளை: வருங்கால மாமனாரோட. நாளைக்கு. "ஒரு ஆட்டம் ஆடிட்டு, அப்புறம் பொண்ணப் பத்திப் பேசலாம்"னுட்டார்.

கடைக்காரர்: ஜெயிச்சா?

மாப்பிள்ளை: அவர் மூக்கு உடையும். கல்யாணம் அம்போ.

கடைக்காரர்: தோத்தா?

மாப்பிள்ளை: "இதுகூட வராதா"ம்பார். அப்பவும் அம்போ. அதனால நான் தோக்கணும்... பழி ஸ்டிக் மேல விழணும்.

கடைக்காரர்: நியாயம்தான். மேசை என்ன அளவு? ஏழடியா, ஒம்பதடியா, பன்னெண்டடியா?

மாப்பிள்ளை: அளவா... எட்டு பேர் உக்காந்து சாப்பிடலாம்.

கடைக்காரர்: ...எட்டு பேரா?

மாப்பிள்ளை: போன வாரம் அவர் வீட்ல விருந்தே அதுமேலதான். பச்சைத் துணி மேல பிளாஸ்டிக் விரிச்சு. எலும்பையெல்லாம் மூலைக் குழியில போட்டோம், ரொம்ப வசதி! ஏன் ஒரு மாதிரி பாக்கறீங்க?

கடைக்காரர்: ஒண்ணுமில்ல. அப்ப ஏழடி மேசை, பெரிய பந்து. நுனியில பதிமூணு மில்லிமீட்டர் டிப், ரொம்பக் கெட்டியும் இல்லாம, மெத்துன்னும் இல்லாம... அதுதான் சரி.

மாப்பிள்ளை: சரியானது வேண்டாம்ணே!

கடைக்காரர்: அப்போ பன்னெண்டடி மேசை ஸ்டிக். டிப்பு ஒம்பது மில்லிமீட்டர்தான், சின்னப் பந்துக்குன்னே செஞ்சது. பெரிய பந்துல பட்டா வழுக்கிட்டு ஓடும்.

மாப்பிள்ளை: அடடா! அதைக் கொடுங்க!

கடைக்காரர்: ஒண்ணுதான் இருந்துச்சு, காலையிலயே போயிடுச்சு. இதுல வேணா, பந்து வழுக்காம இருக்க இந்த சாக்கட்டியைத் தடவிப் பாருங்க.

மாப்பிள்ளை: எங்க தடவ... எவ்வளவு தடவன்னு கேக்க வந்தேன். இதோ, தடவிட்டேன். யாருண்ணே அது, வீட்ல பன்னெண்டடி மேசை போட்டவரு?

கடைக்காரர்: ஒரு பெரியவர். அவருக்கும் ஏழடிதான்.

மாப்பிள்ளை: பின்ன எதுக்கு அது?

கடைக்காரர்: "எனக்குத் தோத்துப் பழக்கமில்ல, சின்னப் பையன் மனசு நோகக் கூடாது, பழி ஸ்டிக் மேல விழட்டும்"னார்.

மாப்பிள்ளை: அட, தங்கமான மனுஷன்! ...எந்தப் பையன்?

கடைக்காரர்: பொண்ணு கேட்டு வர்ற பையனாம். மேசை அளவு கேட்டேன். எட்டு பேர் சாப்பிடலாம்னார்.

மாப்பிள்ளை: எட்டு பேரா... அது எங்க மாமனார்!

கடைக்காரர்: அவரேதான் தம்பி.

மாப்பிள்ளை: ஐயோ அண்ணே... ரெண்டு பேருமே தோக்க நின்னா ஆட்டம் எப்படி முடியும்? ரெண்டும் அப்பேர்ப்பட்ட கையாச்சே!

கடைக்காரர்: கவலைய விடுங்க, கல்யாணம் கண்டிப்பா நடக்கும். அவரும் உங்களை மாதிரியேதான், பந்தை அடிக்கிற முனையை விட்டுட்டு, கையில பிடிக்கிற தடிச்ச முனையிலதான் சாக் தடவினாரு.