ஒரு கீறல்கூட இல்ல, மிஸ்ஸி

...அந்த ஷோகேஸ மட்டும் எம் புள்ள உட்டு வச்சான்னா போதும் மிஸ்ஸி, மத்ததெல்லாம் நான் எப்படியாச்சும் சமாளிச்சிக்குவேன்! காலையில எந்திரிச்சதும் நேரா அங்கதான் போறான். ரெண்டு கையாலயும் கண்ணாடியப் போட்டு டம டம டமன்னு... நெத்தியால வேற முட்டுறான். அது ஒடஞ்சி இவன் கையக் கிழிச்சிச்சின்னா நான் என்னா பண்ணுவேன்? ஒக்காருங்க லா மிஸ்ஸி. அந்த நாக்காலி வேணாம், அது கால் ஆடும். இதுல ஒக்காருங்க. பெடாஸ் டவுன்லேருந்து எஸ்டேட் ரோட்டுல வர்றதுக்குள்ள இடுப்பு கழண்டிருக்குமே! செம்பனைப் பழ லோரி ஓடி ஓடி அந்த ரோட்ட... சரி, அது கெடக்கட்டும்.

உங்களுக்கு முன்ன வந்தாங்களே ரோகினி மிஸ்ஸி, நல்லவங்கதான், கொறை சொல்லல. ஆனா அவங்க மாத்தலாகிப் போனதுக்கப்புறம் மூணு மாசமா ஒரு நர்ஸ் எட்டிப் பாக்கலியே! எங்க பிரெண்டனுக்கு ஆட்டிசம்னு சொன்னப்ப நான் அழுத அழுகையில அவங்கதான் பக்கத்துல இருந்தாங்க. "இசபெல், புள்ளைக்குப் பேச்சு வரலன்னா என்னா, கேக்கறதுக்கு வேற வழி இருக்கு"ன்னாங்க. படம் போட்ட கார்டு ஒரு கட்டு குடுத்தாங்க. தண்ணி வேணும்னா தண்ணிப் படத்த எடுத்து நம்ம கையில வைக்கணும். அவ்ளோதான். அவங்க இருந்தப்ப செஞ்சானே! மைலோ படத்த எடுத்து டக்குன்னு அவங்க கையில வச்சான். எங்க வீட்டுக்காரரு எட்வர்ட், எஸ்டேட் ஆபிஸ்ல கணக்கு எழுதுற கிராணி, வேல நேரத்துல போன் பண்ணா கடுப்பாயிருவாரு. அன்னிக்கி பண்ணேன். நான் இந்தப் பக்கம் அழுவுறேன், அவரு அந்தப் பக்கம் அழுவுறாரு. ஒரு கப் மைலோவுக்கு மிஸ்ஸி!

இப்ப? ஒண்ணும் கேக்கறதில்ல. கையப் புடிச்சி இழுக்குறான், கத்துறான், ஷோகேஸப் போட்டு அடிக்கிறான். பக்கத்து வீட்டு திலகாக்கா இருக்காங்களே, வாரத்துக்கு ஒரு வைத்தியம். "கண்ணாடியில அவன் மூஞ்சியே தெரியுது, அதான் மெரளுறான், துணி போட்டு மூடு"ன்னாங்க. மூடுனேன். துணியப் புடிச்சி ஒரே இழுப்பு! மேல இருந்த மாதா சுரூபம் அப்படியே ஆடி வருது. பாஞ்சி புடிச்சிட்டேன் பாருங்க. கான்வென்ட்ல நெட்பால் ஆடுன கையி!

இல்ல மிஸ்ஸி, நான் சிரிச்சிக்கிட்டுப் பேசுறேனே ஒழிய... உள்ளுக்குள்ள ஒரே பயம். பாரோய்ல இவன மாதிரிப் புள்ளைங்களுக்கு வகுப்பு இருக்கில்ல, திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காங்க. நீங்க எழுதுற ரிப்போர்ட்டப் பாத்துத்தான் எடுப்பாங்களாம். அடிக்கிற, ஒடைக்கிற புள்ளைக்கு இப்ப எடம் இல்லயாம். அதனால... அந்த ஷோகேஸ் சமாச்சாரத்த மட்டும்... சேச்சே, பொய் எழுதச் சொல்லல! சும்மா, கொஞ்சம் சின்ன எழுத்துல எழுதுங்களேன். இல்லன்னா டாக்டர்கிட்ட சொல்லி சாந்தமா இருக்க மருந்து ஏதாச்சும்... நாலு வயசுப் புள்ளைக்கு மருந்து குடுக்கவும் பயமா இருக்கு. குடுக்காம இருக்கவும் பயமா இருக்கு.

என்னா கேட்டீங்க? கார்டா? இருக்கே! பத்திரமா இருக்கு. "இது ஆஸ்பத்திரி சாமான், தொலச்சிடாதீங்க"ன்னு ரோகினி மிஸ்ஸி குடுக்கறப்பவே சொன்னாங்க. என்கிட்டயா சொல்லணும்? பள்ளிக்கூடத்துல இரவல் புத்தகம் குடுத்து வருசக் கடைசியில திருப்பி வாங்குவாங்கல்ல, நான் பிளாஸ்டிக் அட்டை போட்டு, ஒரு மடிப்பு இல்லாம குடுப்பேன். சிஸ்டர் என் புத்தகத்தத் தூக்கிப் புடிச்சி கிளாசுக்கே காட்டுவாங்க. இவன் என்னான்னா, வாழப்பழப் படத்தக் கடிச்சி வச்சிட்டான்! ரோகினி மிஸ்ஸி போன மறுநாளே எல்லாத்தயும் தொடச்சி, பையில போட்டு, பூட்டிட்டேன். இவன் நல்லா கேக்கப் பழகட்டும், அப்பறம் எடுத்துக் குடுக்கலாம்னு.

எங்க பூட்டுனேனா? அதோ, ஷோகேஸ்லதான். மேல் தட்டுல, கல்யாணத்துக்கு வந்த கிறிஸ்டல் கிளாஸ் பக்கத்துல. இங்கேருந்தே தெரியுது பாருங்க. ஒரு கீறல்கூட இல்ல, மிஸ்ஸி.

...ஏன் பேனாவக் கீழ வச்சிட்டீங்க?

ஏன் அவனயே பாக்குறீங்க? அவன் எப்பவும் அங்கதான... கண்ணாடியில கைய வச்சிக்கிட்டு... மேல் தட்டயே...

அலாமாக்.

ஐயோ மிஸ்ஸி! என் மாதாவே! புள்ள இத்தன நாளா அந்தக் கார்டுக்குத்தான் தட்டுனானா? நான் உள்ள வச்சிப் பூட்டிக்கிட்டு, "கேளுடா, கேளுடா"ன்னு அவன் பின்னாலயே சுத்தியிருக்கேனே! சாவி... சாவி எங்க... கழுத்துலதான் கெடக்கு, ஜெபமாலையோட. சாவி நுழைய மாட்டுது மிஸ்ஸி, இந்தப் பூட்டு வேற... தொறந்துடுச்சி. இந்தாடா தங்கம். கடி! வாழப்பழத்தக் கடி, ரொட்டியக் கடி, எதுன்னாலும் கடி! ஆஸ்பத்திரிக்கு நான் புதுசு செஞ்சி குடுத்துக்கறேன்.

சிரிக்காதீங்க மிஸ்ஸி. எழுதுங்க. "அம்மாக்காரிதான் பூட்டி வச்சா"ன்னு நல்லா பெருசாவே எழுதுங்க. புள்ள மேல ஒரு தப்பும் இல்லன்னு அந்தப் பாரோய் டீச்சருக்குத் தெரியட்டும்.

பாருங்க, தேடுறான். ஒவ்வொண்ணா எடுத்துத் தரையில வைக்கிறான். மைலோவாத்தான் இருக்கும், தண்ணி கொதிக்க வச்சிட்டு வந்துர்றேன்... போவக் கூடாதா? சரி, போவல. மைலோ இல்ல போலருக்கே? ரொட்டியயும் தள்ளிட்டான். ஊஞ்சலும் வேணாமாம். அப்ப என்னாதான்... எடுத்துட்டான்! எடுத்துட்டான் மிஸ்ஸி! வர்றான்... உங்ககிட்ட இல்ல, என்கிட்ட வர்றான்! குடுடா ராசா, அம்மா கையில குடு. என்னா படம் இது? இத நான் கவனிச்சதே இல்லயே. ஒரு பையன் ரெண்டு காதயும் பொத்திக்கிட்டு நிக்கிறான்... கீழ என்னா போட்டிருக்கு...

"சத்தம் போதும்."

யாரு சத்தம்? ரேடியோகூட போடலியே... நானா? என்னயவா சொல்றான்?

அட மிஸ்ஸி! கேட்டுட்டான்! எம் புள்ள என்கிட்ட கேட்டுட்டான்! என்னப் பாத்து இதச் சொல்ல எங்க மாமியாருக்கே தைரியம் வரல, எட்வர்ட்டுக்கு வரல, இவன் நேரா வந்து கையிலயே வச்சிட்டான் பாருங்களேன்! இருங்க, அவருக்கு ஒரு போன் பண்ணி... சரிடா, சரிடா, பாத்துட்டேன், திருப்பித் திருப்பிக் காட்டாத... தோ, வாய மூடிட்டேன் தங்கம், தோ மூடிட்...