இடுப்புப் பட்டியில் இருந்த பைகள்

காப்பிக்கு மூன்று கரண்டி சீனி போடுகிறாரே, வீட்டில் யாரும் இவரைக் கண்டிப்பதில்லையா என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் வக்கீல் தில்லைநாயகம் காகிதத்தை மேசையில் விரித்துவிட்டார். என் நாத்தனார் சாலோமிதான் அவரை அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு நான் அடையாளம் சொன்ன படத்தைப் பற்றி அவர் கேட்டார், நடந்ததைச் சொன்னேன். எனக்கு மறைத்துப் பேச வராது.

போர்ப் படங்களைப் பார்ப்பது என் வேலை. பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே, வெளிநாட்டு ஆவணக்காப்பகம் ஒன்றுக்காக, படத்தில் உள்ள துப்பாக்கி எந்த வகை, தலைக்கவசம் எந்தப் படையுடையது என்று குறித்துக் கொடுப்பேன். முகங்களைப் பார்ப்பதில்லை. முகம் ஆளை ஏமாற்றும். பெல்ட் கொக்கி ஏமாற்றாது.

சாலோமியின் மகன் எபி, சமையல் வேலை என்று நம்பி சாத்தான்குளத்திலிருந்து வெளிநாடு போனவன். போன இடத்தில் சீருடையை மாட்டிப் போருக்கு அனுப்பிவிட்டார்கள். என் மகள் டார்லினுக்கு அவன் முறைமாப்பிள்ளை. சின்ன வயதிலேயே பேசி வைத்தது. நல்ல பையன்தான். பத்தாவதுக்கு மேல் படிப்பு ஏறவில்லை, எந்தக் கடையிலும் நிலைக்கவில்லை. எம்.எஸ்ஸி. முடித்த டார்லின் அவனுக்காகக் காத்திருந்தாள். கூடப்பிறந்தவளிடம் மாட்டேன் என்று சொல்ல என் கணவருக்குச் சாகும்வரை வாய் வரவில்லை.

ஒருநாள் சாலோமி போனை நீட்டினாள். சேற்றில் குப்புறக் கிடந்த ஓர் உடல். அவளைப் போலவே பிள்ளையைத் தேடும் இன்னொரு தாய் அனுப்பிய படம்.

"மைனி, இது என் புள்ளையா? நீங்க பாத்துச் சொன்னா நம்புதேன்."

பார்த்ததும் தெரிந்தது. எபி இருந்த படையின் துப்பாக்கிக்குத் தோட்டாப் பெட்டி நீளமாக வளைந்திருக்கும். அதை வைக்கும் இடுப்புப் பையும் ஆழமானது. இந்த உடலில் இருந்தவை குட்டைப் பைகள், எதிர்ப்படையுடையவை. கிடந்தவன் வேறு யாரோ பெற்ற பிள்ளை.

"ஆமா சாலோமி. எபிதான்," என்றேன்.

அதையே ஆங்கிலத்தில் அறிக்கையாக, படத்தில் அம்புக்குறி போட்டு எழுதிக் கொடுத்தேன். சுத்தமான வேலை. எபியைத் தேடச் சொல்லித் தூதரகத்தில் கொடுத்திருந்த மனு அதோடு முடிந்தது. கோயிலில் நினைவு ஆராதனை நடந்தது. சாலோமிக்கு என் கையால் கஞ்சி ஊட்டினேன். அதன்பிறகு அவள் ராத்திரி தூங்கினாள். இருக்கிறானா இல்லையா என்று தவிப்பதைவிட அது மேல். டார்லின் சில மாதம் அழுதாள். பிறகு பெங்களூரில் வேலை பார்க்கும் ஜெபஸ்டினுக்குச் சம்மதித்தாள்.

அதே போரில் எபியோடு சிறைபிடிக்கப்பட்ட முத்துமாலை என்ற பையன் இப்போது விடுதலையாகி ஊருக்கு வந்திருக்கிறான். எபி கைதிகள் முகாமில் உயிரோடு இருக்கிறான் என்றும், காய்ச்சலில் எழுந்து நடக்கவே முடியவில்லை என்றும் சொன்னானாம். ஆனால் அதிகாரிகள் என் அறிக்கையைத்தான் காட்டுகிறார்களாம். செத்தவனை யாரும் விடுவிக்கச் சொல்லிக் கேட்பதில்லை. விடுவிக்க வேண்டிய கைதிகளின் அடுத்த பட்டியல் சனிக்கிழமை போகிறது. வக்கீல் கொண்டுவந்த காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டால் அதில் எபியின் பெயர் ஏறும்.

எல்லாம் கேட்டுவிட்டு வக்கீல் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"தெரிஞ்சேதான் சொன்னியளா?"

"தெரியாம நான் எதையும் சொல்லுததில்ல அண்ணாச்சி."

அவர் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு பைய, "இதுல தப்பாப் பாத்துட்டேன்னுதான் எழுதியிருக்கு. உங்களுக்கு ஒண்ணும் வராது. அந்தப் பையன் பொழச்சிக்கிடுவான்," என்று பேனாவை நீட்டினார்.

டார்லினுக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு ஆராதனையில் குருவானவர் மூன்றாவது முறையாக மணமக்கள் பெயரை வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பார். என் அறிக்கை நிற்கும்வரை முத்துமாலை பேச்சை டார்லின் நம்ப மாட்டாள். நான் கையெழுத்துப் போட்டு, அதைக் காட்டிச் சாலோமி எழுந்து நின்றால் டார்லினும் எழுந்துவிடுவாள். என் பிள்ளையை எனக்குத் தெரியும்.

காகிதத்தைக் கசங்காமல் மடித்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

"கல்யாணம் முடியட்டும் அண்ணாச்சி. எபி பொறுமையான பையன். இருப்பான்."